பழைய கேபினட்டை வைத்தே கிச்சனை மாற்றலாமா? கார்ப்பென்டரைக் கூப்பிடும் முன் பார்க்க வேண்டியவை

போகிப் பண்டிகை நெருங்கும்போது தெருமுனைக் குப்பைத் தொட்டியைக் கவனித்தால் தெரியும். கிழிந்த பாய், உடைந்த சேர் இவற்றோடு இரண்டு மூன்று கிச்சன் கேபினட் கதவுகளும் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். மைக்கா லேசாக உரிந்திருக்கும், கைப்பிடி ஒன்று இருக்காது. மற்றபடி மரம் கல்லு மாதிரி இருக்கும். தூக்கிப் போட்ட வீட்டுக்காரர் அதே வாரத்தில் புது மாடுலர் கிச்சனுக்கு கொட்டேஷன் வாங்கி, தொகையைப் பார்த்து திகைத்துப் போயிருப்பார்.

(போகியில் இதை எரிக்க வேண்டாம். பிளைவுட்டில் இருப்பது வெறும் மரம் இல்லை, பசையும் பிளாஸ்டிக் பூச்சும் சேர்ந்திருக்கும். அந்தப் புகை நல்லதில்லை.)

சரி, பழைய கேபினட்டை வைத்தே கிச்சனைப் புதுசு பண்ண முடியுமா? முடியும். ஆனால் எல்லா கேபினட்டும் அதற்குத் தேறாது. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்ற முடிவை தப்பாக எடுத்தால் இரண்டே மழைக்காலத்தில் மறுபடியும் முதலில் இருந்து செலவு செய்ய வேண்டி வரும்.

செலவு எங்கே போகிறது?

கேபினட் என்பது இரண்டு பாகம். உள்ளே இருக்கும் பெட்டி, முன்னால் தெரியும் கதவு. கதவை ஷட்டர் என்பார்கள். கிச்சன் பழசாகிவிட்டது என்று நமக்குத் தோன்ற வைப்பது பெரும்பாலும் ஷட்டர்தான். மங்கிய மைக்கா, எண்ணெய்ப் பிசுக்கு, தொங்கிப்போன கீல், மூடாத டிராயர் எல்லாமே முன்பக்கத்து சமாச்சாரம். பெட்டி உறுதியாக இருந்தால் முன்பக்கத்தை மட்டும் மாற்றினாலே போதும்.

இன்னொரு பெரிய செலவு இடம் மாற்றுவது. சிங்க்கை ஜன்னல் பக்கம் கொண்டு போகலாமா, அடுப்பை எதிர்ச்சுவருக்கு மாற்றலாமா என்று ஆரம்பித்தால் பைப் லைன், டைல்ஸ் உடைப்பு, வயரிங், கிரானைட் என்று ஒவ்வொன்றாக பின்னாலேயே வரும். கை இறுக்கமாக இருந்தால் சிங்க் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

நம்ம ஊர் மேடைக்கு ஒரு தனி விஷயம்

இணையத்தில் கிடைக்கும் பல வீடியோக்களில் பெட்டிகளை வரிசையாக நிறுத்தி, மேலே கல்லை வைத்து முடித்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் பல வீடுகளில் அப்படி இல்லை. செங்கல் சுவர் அல்லது கடப்பா கல்லை நிறுத்தி, நடுவில் கடப்பா தட்டு போட்டு, மேலே மேடைக் கல் வைத்திருப்பார்கள். அங்கே பெட்டியே கிடையாது. முன்னால் ஒரு சட்டம், அதில் கதவு. அவ்வளவுதான்.

உங்கள் வீடு இந்த ரகம் என்றால் அது அதிர்ஷ்டம்தான். கடப்பா கல் தண்ணீரில் ஊறாது, கரையான் அதைத் தின்னாது. அதை உடைத்துவிட்டு பிளைவுட் பெட்டி வைக்கச் சொல்லும் கொட்டேஷனை இரண்டு தடவை யோசித்துப் பார்க்க வேண்டும். பழைய கதவுகளையோ வேறு வீட்டில் கழற்றிய கதவுகளையோ இதில் மாட்டலாம். ஒரே சிக்கல், கல்லில் நேரடியாக ஸ்க்ரூ பிடிக்காது. மரம் அல்லது அலுமினியச் சட்டத்தை சுவரோடும் தரையோடும் முதலில் பிடிப்பித்து, கதவை அந்தச் சட்டத்தில்தான் தொங்கவிட வேண்டும்.

பெட்டி தேறுமா? அரை மணி நேர சோதனை

முதலில் எல்லாப் பாத்திரத்தையும் வெளியே எடுத்துவிடுங்கள். பாதி காலி பண்ணிவிட்டுப் பார்த்தால் மூலையில் இருப்பது தெரியாது.

அடுத்தது எந்தப் பொருள் என்று கண்டுபிடிப்பது. ஷட்டரில் கீல் மாட்டியிருக்கும் வட்டக் குழியைப் பாருங்கள். கீலைக் கழற்றினால் வெட்டுப் பரப்பு தெரியும். அப்பளத்தை அடுக்கிய மாதிரி அடுக்கடுக்காக இருந்தால் பிளைவுட். உள்ளே நீளநீளமான மரத்துண்டுகள் இருந்தால் பிளாக்போர்டு. ரவை உப்புமாவைக் கட்டி பிடித்த மாதிரி சின்னச் சின்னத் துகளாக இருந்தால் பார்ட்டிகிள் போர்டு. கெட்டி அட்டை போல ஒரே சீராக, பழுப்பாக இருந்தால் எம்.டி.எஃப்.

பிளைவுட்டும் பிளாக்போர்டும் மறுபயன்பாட்டுக்கு நன்றாகவே ஒத்துழைக்கும். கழற்றி மாட்டலாம், அறுக்கலாம், புது ஸ்க்ரூ பிடிக்கும். பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்பும் அப்படியில்லை. ஒரு தடவை தண்ணீர் குடித்து உப்பிவிட்டால் காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. ஸ்க்ரூவைக் கழற்றி அதே ஓட்டையில் மறுபடி மாட்டினால் பிடிப்பு குறைந்துவிடும். மேல் வரிசைக்கு, தண்ணீர் படாத இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சிங்க் பக்கம் மட்டும் கொண்டு போகவே கூடாது.

பிளைவுட்டிலும் ரகம் உண்டு. எம்.ஆர். கிரேடு என்றால் காற்றில் உள்ள ஈரத்தைத் தாங்கும், தண்ணீரில் ஊறுவதைத் தாங்காது. பி.டபிள்யூ.பி. என்பது கொதிநீரையே தாங்கும் ரகம். மெரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 710. 72 மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அடுக்கு பிரியக் கூடாது என்பது அதிலுள்ள சோதனை. பெட்டியின் பின்பக்கத்திலோ உள்பக்கத்திலோ மைக்கா ஒட்டாத இடம் இருந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் எண்ணும் மங்கலாகவாவது தெரியலாம்.

முத்திரை இல்லையா? விரல் மூட்டால் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் நல்லது. பொத்தென்று சத்தம் வந்தால் அந்த இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கலாம். கீழ்த்தட்டின் நான்கு மூலையிலும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் அந்தப் பலகை முடிந்துபோன கதை. மற்ற பக்கங்கள் நன்றாக இருந்தால் அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றலாம். ஒரு தட்டு போனதற்காக முழுப் பெட்டியையும் கழிப்பது வீண்.

கடைசியாக மூலைமட்டம். பெட்டியின் வாய்ப்பக்கத்தில் ஒரு மூலையில் இருந்து எதிர்மூலைக்கு டேப் பிடித்து அளந்து, பிறகு மற்ற இரண்டு மூலைகளையும் அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் பெட்டி கோணாமல் நிற்கிறது என்று அர்த்தம். ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. ஒரு சென்டிமீட்டர் தாண்டினால் எவ்வளவு நல்ல கீல் போட்டாலும் கதவு நேராக நிற்காது.

கரையானும் உளுப்பூச்சியும்

இரண்டும் வேறு வேறு. சுவரோரம் மண்கோடு போல ஏறியிருந்தால் கரையான். அது மரத்தில் மட்டும் இருக்கும் பிரச்சினை இல்லை, தரையிலோ சுவரிலோ இருந்து வருகிறது. அதற்கு மருந்து அடிக்காமல் புது கேபினட் வைத்தாலும் அதையும் தின்னும்.

குண்டூசி குத்திய மாதிரி சின்ன ஓட்டைகளும் கீழே மாவு போல தூளும் இருந்தால் உளு. தூளைத் துடைத்துவிட்டு, கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து சில நாள் விட்டுப் பாருங்கள். புதுத் தூள் விழுந்திருந்தால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கும் மரம் என்றால் இந்தச் சோதனையை வீட்டுக்குள் கொண்டு வரும் முன்பே, வராண்டாவிலோ மாடியிலோ வைத்து முடித்துவிடுவது நல்லது. உள்ளே வந்துவிட்டால் கட்டில், பீரோ கதவு என்று அதுவும் குடியேறிவிடும்.

செகண்ட் ஹேண்ட் கேபினட் வாங்கலாமா?

அடுக்குமாடி கட்ட பழைய வீடுகளை இடிக்கும் இடங்களில் கதவு, ஜன்னல், அலமாரி எல்லாம் தனியாக விலைக்கு வரும். இடிப்பு கான்ட்ராக்டர்களிடமும் பழைய மரக்கடைகளிலும் கேட்டால் கிடைக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனால் செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வந்த பழைய மரச்சாமான் கடைகளே வரிசையாக இருக்கின்றன. அங்கே கலைப்பொருளுக்கான விலையும் சேர்ந்துகொள்ளும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இதுபோக, வீடு மாறுகிறவர்கள் ஓஎல்எக்ஸ் போன்ற தளங்களில் போடும் மாடுலர் செட்டுகள் உண்டு.

வாங்கப் போகும் முன் உங்கள் கிச்சனின் அளவுகள் கையில் இருக்க வேண்டும். சுவரின் நீளத்தை தரையில், இடுப்பு உயரத்தில், தலை உயரத்தில் என்று மூன்று இடத்தில் அளந்து, மூன்றில் குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சுவர்கள் எல்லாம் நேராகத்தான் இருக்கின்றன என்று நம்பி ஏமாந்தவர்கள் அதிகம். ஜன்னல், பிளக் பாயின்ட், தண்ணீர் பைப் எங்கே இருக்கின்றன என்பதையும் ஒரு பேப்பரில் வரைந்து வையுங்கள்.

பல மாடுலர் பெட்டிகள் 720 மில்லிமீட்டர் உயரம், 560 மில்லிமீட்டர் ஆழத்தில் வருகின்றன. அதோடு கால் 100 மில்லிமீட்டர், கிரானைட் சுமார் 20 மில்லிமீட்டர் சேர்த்தால் மேடை 84 சென்டிமீட்டர், அதாவது 33 அங்குலம் வரும். இது சமைக்கிறவருக்கு ஒத்துவருமா என்பதுதான் கேள்வி. முழங்கையை மடக்கி நின்றால் மேடை அதைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே இருப்பது வசதி. உயரம் பத்தவில்லை என்றால் காலை மாற்றி சரிக்கட்டலாம். ஆழம் அதிகமாக இருந்தால் பின்பக்கம் அறுக்க வேண்டும். அதுவும் முடியும், கூலி மட்டும் கூடும்.

விலை பேசும்போது பலரும் மறப்பது கழற்றும் கூலியை. சுவரில் பிடித்திருக்கும் செட்டை பிரித்து எடுப்பதே அரை நாள் வேலை. அதை யார் செய்வது, உடைந்தால் யார் பொறுப்பு என்பதை பணம் கொடுக்கும் முன்பே பேசிவிட வேண்டும். கழற்றும்போது ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் ஷட்டருக்கும் ஒரே எண்ணை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டிவிட்டால் பிறகு தலைவலி இல்லை. வாங்கிய விலை, கழற்றும் கூலி, டெம்போ வாடகை, அறுத்துப் பொருத்தும் செலவு எல்லாம் சேர்ந்து புதுசின் விலையில் பாதியைத் தாண்டினால் அதை விட்டுவிடுவதே மேல்.

சுரண்டும் முன் ஒரு நிமிஷம்: பழைய பெயிண்டில் ஈயம்

பட்ஜெட் வேலை என்றாலே உப்புத்தாளை எடுத்து நாமே தேய்க்கத் தொடங்கிவிடுகிறோம். மைக்கா ஒட்டிய கேபினட் என்றால் இந்த பயம் இல்லை. எனாமல் பெயிண்ட் அடித்த பழைய மரக் கதவு என்றால் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

வீட்டு உபயோக பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி கொண்டு வந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1. அதற்கு முன் அடித்த பெயிண்ட்டில் ஈயம் அதிகமாக இருக்க வாய்ப்பு உண்டு. காய்ந்த பெயிண்ட்டை அப்படியே தேய்த்தால் தூள் பறக்கும், தரையில் படியும், தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். இதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

அதனால் பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் சுரண்டவே வேண்டாம், துடைத்துவிட்டு மேலே புது பெயிண்ட் அடிக்கலாம். தேய்த்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் தொட்டு, வாட்டர் பேப்பரால், வீட்டுக்கு வெளியே தேய்க்க வேண்டும். சாதாரணத் துணி மாஸ்க் போதாது, என்95 ரகம் வேண்டும். தீயாலோ ஹீட் கன்னாலோ பெயிண்ட்டை உரிக்கக் கூடாது. தூளை விளக்குமாறால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அன்றைக்கு அந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

சிங்க் பெட்டியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

கிச்சன் கேபினட் கெட்டுப்போகும் கதை பெரும்பாலும் சிங்க்குக்குக் கீழேதான் ஆரம்பிக்கும். பைப் மூட்டில் சொட்டு, மேடை ஓரத்தில் கசிவு, ஈரத் துணி, ஈரத் துடைப்பம் எல்லாம் அங்கேதான். மிச்சம் எல்லாம் பழசாக இருக்கட்டும், இந்த ஒரு பெட்டியை மட்டும் பி.டபிள்யூ.பி. பிளைவுட்டில் புதுசாகப் போடலாம். இன்னும் சிக்கனம் வேண்டும் என்றால் சிங்க் கீழே பெட்டியே வேண்டாம். இரண்டு பக்கமும் கடப்பா, முன்னால் ஒரு கதவு, அடித்தட்டு இல்லாமல் வெறும் தரை. சொட்டினால் உடனே கண்ணில் படும்.

இன்னொன்று, நாம் கிச்சன் தரையைக் கழுவுகிறவர்கள். ஈர மாப் போட்டு முடிப்பதில்லை, விசேஷ நாள் என்றால் பக்கெட் தண்ணீரை ஊற்றித் தள்ளுவோம். பழைய மரப்பெட்டி தரையில் நேராக உட்கார்ந்தால் அடிப்பலகை அந்தத் தண்ணீரைக் குடிக்கும். நான்கு அங்குல பிளாஸ்டிக் கால்கள் மாட்டித் தூக்கி வைப்பது மொத்த வேலையிலேயே மலிவான, உருப்படியான செலவு. வெட்டிய பலகையின் ஓரங்கள் எல்லாவற்றுக்கும் எட்ஜ் பேண்ட் ஒட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். வெளியே தெரியாத பின் ஓரத்தை விட்டுவிடுவது வழக்கம். தண்ணீருக்கு அந்த ஓரம் போதும்.

கேஸ் சிலிண்டரை கேபினட்டுக்குள் வைக்கலாமா?

காற்று போக வழி இல்லாமல் மூடிய பெட்டிக்குள் வைக்கவே கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிட கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். பழைய கேபினட்டை சிலிண்டர் அறையாக மாற்றும்போது கதவின் அடியிலும் மேலும் காற்று போக ஓட்டையோ ஜாலியோ கண்டிப்பாக வேண்டும். அடிப்பக்க ஓட்டைதான் முக்கியம். அழகுக்காக அதை அடைத்துவிடுகிறார்கள், அதுதான் ஆபத்து.

சிலிண்டர் நேராக நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். டியூப் பெட்டிகளுக்குப் பின்னால் மறைந்து போகக் கூடாது, கண்ணில் படும்படி இருந்தால்தான் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்க்க முடியும். சுரக்ஷா டியூப்பை 5 வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிட வேண்டும். அதன் மேலேயே தேதி அச்சிட்டிருக்கும். வேலை முடிந்த அன்றே சோப்பு நுரை தடவி இணைப்புகளைச் சோதித்துவிடுங்கள். கசிவு என்று சந்தேகம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

ஷட்டருக்கு என்ன செய்யலாம்?

முதல் வேலை கழுவுவது. பத்து வருஷத் தாளிப்புப் புகை அதன் மேல் படிந்திருக்கிறது. வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் போட்டுத் துடைத்தால் பாதி ஷட்டர்கள் புதுசு மாதிரி ஆகிவிடும். சில வீடுகளில் கைப்பிடியை மாற்றினாலே போதும்.

மைக்கா மங்கியிருந்தால் அதன் மேலேயே புது மைக்கா ஒட்டலாம். பழையது எங்கேயும் தூக்காமல் ஒட்டியிருக்க வேண்டும், மேற்பரப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். கனம் ஒரு மில்லிமீட்டர் கூடும் என்பதால் கதவுகளின் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டி வரும். மைக்கா மேல் பெயிண்ட் அடிக்க ஆசைப்பட்டால் அதற்கென்று இருக்கும் பிரைமர் அடிக்காமல் அடிக்கக் கூடாது, நகத்தால் கீறினாலே உரிந்துவிடும். ஸ்டிக்கர் ஷீட் தட்டுகளின் உள்பக்கத்துக்கு சரி. அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டினால் சூட்டில் ஓரம் சுருண்டுகொள்ளும்.

தொங்கும் கதவுக்குக் காரணம் பல சமயம் கதவு இல்லை, தேய்ந்துபோன ஸ்க்ரூ ஓட்டை. மரமோ பிளைவுட்டோ என்றால் ஃபெவிகால் தொட்ட மரக்குச்சிகளை ஓட்டையில் அடைத்து, காய்ந்த பிறகு ஸ்க்ரூ போட்டால் பிடித்துக்கொள்ளும். பார்ட்டிகிள் போர்டு என்றால் கீலை இரண்டு அங்குலம் மேலோ கீழோ நகர்த்தி புதுக் குழி போடுவது மேல். கப் வகைக் கீலின் குழி 35 மில்லிமீட்டர், இது பெரும்பாலும் எல்லா பிராண்டுக்கும் பொது. ஆனால் கதவு பெட்டியின் ஓரத்தை முழுசாக மூடுகிறதா, பாதி மூடுகிறதா, உள்ளே அடங்குகிறதா என்பதைப் பொறுத்து கீலின் வளைவு மாறும். கடைக்குப் போகும்போது பழைய கீல் ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள்.

எவர்சில்வர் பாத்திரமும் குக்கரும் வைக்கும் டிராயர் என்றால் பழைய ரோலர் சேனலைக் கழற்றிவிட்டு பால் பேரிங் சேனல் போடுவது நல்லது. எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள். சுவரில் தொங்கும் மேல் பெட்டிக்கும் இதே கவலை உண்டு. பழைய பெட்டியின் பின்பலகை மெல்லிசாக இருந்தால் ஸ்க்ரூ அதில் நிற்காது. பின்னால் கனமான மரப்பட்டை ஒன்றைக் குறுக்கே கொடுத்து, அதன் வழியாக ஆங்கர் போல்ட் போட வேண்டும். தலைக்கு மேல் தொங்கும் பாரம் என்பதால் இதில் சமரசம் கூடாது.

ஒரு மாதிரிக் கணக்கு

10 அடி நீளத்தில் ஒரே வரிசை கிச்சன் என்று வைத்துக்கொள்வோம். கீழ் வரிசை இரண்டரை அடி உயரம், 25 சதுர அடி. மேல் வரிசை இரண்டு அடி, 20 சதுர அடி. மொத்தம் 45. மாடுலர் கம்பெனிகள் பல இந்த முன்பக்கச் சதுர அடியை வைத்துத்தான் விலை சொல்கின்றன. சதுர அடிக்கு 1,500 ரூபாய் என்று வைத்தால் 67,500 ரூபாய்.

அதே கிச்சனில் பெட்டிகளை வைத்துக்கொண்டு முன்பக்கம் மட்டும் மாற்றினால்? எட்டுக்கு நாலு மைக்கா ஷீட் ஒன்று 32 சதுர அடி, ஆக இரண்டு போதும். ஷீட் 1,500 என்றால் 3,000. கதவு 14, கீல் 28, ஒன்று 100 ரூபாய் என்றால் 2,800. பசை, எட்ஜ் பேண்ட், ஸ்க்ரூ, கால்கள் 3,000. சிங்க் பெட்டி புதுசு 6,000. கார்ப்பென்டரும் ஹெல்பரும் சேர்ந்து நாளுக்கு 2,000 வீதம் 6 நாள், 12,000. கூட்டினால் 26,800. பழையதைப் பிரிக்கும்போது ஏதாவது ஒன்று கிளம்பும், அதற்கு 15 சதவீதம் சேர்த்தால் 31 ஆயிரத்துக்குள் நிற்கிறது.

இந்த விலைகள் எல்லாம் கணக்குக்காக வைத்தவை. ஊருக்கு ஊர் மாறும், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். இரண்டு கணக்கிலும் கிரானைட், பிளம்பிங், வயரிங் சேரவில்லை. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு வைக்கப் போகிறீர்கள் என்றால் 16 ஆம்ப் பிளக் பாயின்ட் தேவை, அதை கேபினட் மாட்டும் முன்பே போட்டுவிட வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள்

சுவரில் ஓட்டை போடாமல், கால் வைத்து நிற்கும் பழைய பெட்டிகளை வாங்கிக்கொள்வது நல்லது. காலி பண்ணும்போது கூடவே எடுத்துப் போகலாம். ஓனரின் கேபினட்டில் கை வைக்கிறீர்கள் என்றால் வேலைக்கு முன் போட்டோ எடுத்து, அனுமதியை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தாக வாங்கி வையுங்கள். கழற்றிய பழைய ஷட்டர்களையும் கைப்பிடிகளையும் பரணில் பத்திரமாக வைத்திருந்தால் அட்வான்ஸ் பணம் வாங்கும் நாளில் வாக்குவாதம் இருக்காது.

கார்ப்பென்டரிடம் பேசும்போது

'மொத்தமா இவ்ளோ' என்று ஒரே தொகை சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். பொருள் தனி, கூலி தனி என்று எழுதி வாங்குங்கள். பழைய பெட்டியில் வேலை செய்ய சிலருக்கு இஷ்டம் இருக்காது, 'புதுசே போட்டுடலாம் சார்' என்பார்கள். அதில் உண்மையும் உண்டு, பழசைச் சரிபண்ணுவது மெனக்கெட்ட வேலை. அதனால் முதலில் ஒரே ஒரு பெட்டியை மட்டும் முடித்துக் காட்டச் சொல்லி, அதற்கான கூலியை அன்றே கொடுத்துவிடுங்கள். கதவு நேராக நிற்கிறதா, டிராயர் ஒரு விரலில் நகர்கிறதா என்று பார்த்துவிட்டு மிச்சத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தால் போதும். அந்த நாட்களில் சமைக்க ஹாலில் ஒரு மேஜையும் இண்டக்‌ஷன் அடுப்பும் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஆறு நாள் என்று சொன்ன வேலை எட்டு நாள் ஆகும்.